இல்லாததைக் குழந்தைக்குக் காட்டலாமா?



ஒரு பொருள் இல்லாத இடத்தில் அது இருப்பதுபோல் ஒரு குழந்தைக்குக் காட்டலாமா? காட்டினால் அது போதனையா, அல்லது ஒருவகை ஏமாற்றா? கேட்பதற்கு இது சிறிய கேள்வியாய்த் தோன்றும். ஆயினும் மூன்று வயதும் நான்கு வயதுமான பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்போரும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியைகளும் இதற்கு விடை சொல்லாமல் தப்ப முடியாது. ஏனெனில் இல்லாததைக் காட்டும் கருவி இப்போது தகப்பனாரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

அக்கருவி இன்னதென்று முதலில் அறிந்துகொள்வோம். இவ்வித்தைக்கு 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்று பெயர். தமிழில் 'மிகை மெய்ம்மை' என்று எழுதுகிறார்கள்; அதாவது, உள்ள மெய்யின்மேல் இன்னும் சிறிது கூட்டிக் காட்டுவது. கைப்பேசியின் கேமரா எதிரேயுள்ள அறையைப் பார்க்கிறது. சுவரின் மூலைகள், பாயின் ஓரங்கள், தரையிலுள்ள கோடுகள் இவற்றைக் குறித்துக்கொள்கிறது. கைப்பேசி எப்பக்கம் சாய்கிறது, எவ்வளவு நகர்கிறது என்பதை உள்ளேயிருக்கும் நுண்கருவிகள் சொல்லுகின்றன. இவ்விரண்டையும் வைத்துத் தரை எங்கே இருக்கிறதென்று கணக்கிட்டு, அத்தரையின்மேல் ஒரு புலியின் உருவத்தை வரைகிறது. நாம் நகர நகர, ஒரு விநாடிக்குள் பல தடவை அவ்வுருவத்தைத் திருத்தித் திருத்தி வரைகிறது. ஆகையால் கட்டிலின் அருகே புலி நிற்பதாகவே கண்ணுக்குத் தோன்றுகிறது. சுற்றி வந்தால் அதன் வாலையும் பார்க்கலாம்.

இது குழந்தைகளுக்கென்று பிறந்த கருவியன்று. 1968-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் என்பவர் தலையில் அணிந்து பார்க்கும் ஒரு சாதனத்தை அமைத்தார். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. காட்டியதோ வெறும் கோட்டுருவங்கள். 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமானக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள், விமானத்தில் மின்கம்பிகளைப் பொருத்தும் தொழிலாளருக்கு வழிகாட்டுவதற்காக இம்முறையை ஆராய்ந்தபோது மேற்சொன்ன பெயரை வழங்கினார்கள். 2001-இல் பில்லிங்ஹர்ஸ்ட், கட்டோ, பூப்பிரெவ் என்னும் மூவர், பக்கங்களிலிருந்து உருவங்கள் எழுந்து நிற்கும் ஒரு 'மாஜிக் புத்தக'த்தை வெளியிட்டனர். அங்கிருந்து இது பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, கூகுளில் தேடிப் புலியையும் கரடியையும் கூடத்துக்குள் வரவழைத்த வீடுகள் எத்தனையோ! இப்போது எழுத்து அட்டைகளும் அவ்வாறே வருகின்றன. 'யா' என்று எழுதிய அட்டையின்மேல் கைப்பேசியைப் பிடித்தால் யானை எழுந்து நின்று பிளிறுகிறது. குழந்தை கை கொட்டிச் சிரிக்கிறது. பெற்றோர் மகிழ்கிறார்கள். பள்ளிக்கூடங்களும் இதை வாங்கலாமா என்று ஆலோசிக்கின்றன.

இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. "இது காலத்தின் கொடை; வேண்டாமென்பவர்கள் பிள்ளைகளைப் பின்தங்க வைக்கிறார்கள்" என்பது ஒரு கட்சி. "இது மாயவித்தை, சிறு பிள்ளைகளிடம் கொண்டுவரவே கூடாது" என்பது மற்றொன்று. இருவரும் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். நாம் நிதானமாய்ப் படிப்படியாக ஆராய்வோம்.

படம் பொய்யாகுமா?

பொய் என்பது என்ன? மனத்தில் ஒன்றிருக்க, பிறரை ஏமாற்றும் கருத்தோடு வேறொன்றைச் சொல்லுவது. அர்ச். அகுஸ்தினுஸ் பொய்யைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதன் தொடக்கத்திலேயே வேடிக்கைப் பேச்சுகளைப் பொய்களின் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார். ஏனெனில் சொல்லுகிறவனுடைய குரலும் முகமுமே அவன் விளையாடுகிறான் என்பதைக் காட்டிவிடுகின்றன. ஞானஸ்நானம் பெறுமுன் அவர் எழுதிய மற்றொரு நூலில் இன்னும் நுட்பமான ஓர் ஆராய்ச்சி உண்டு. ஓவியத்திலுள்ள குதிரை உண்மையான ஓவியமாய் இருக்கவேண்டுமானால், அது பொய்யான குதிரையாய் இருந்துதான் ஆகவேண்டும் என்று அவர் காட்டுகிறார். உயிருள்ள குதிரையாய் இருந்தால் அது ஓவியமாகாது அன்றோ?

இதிலிருந்து நாம் அறிவது யாது? படம் பொய்யன்று. படத்தைப் படமென்று அறிந்து பார்ப்பவனுக்கு அது மெய்யைச் சொல்லுகிறது. அதே படத்தைப் பொருளென்று எண்ணிப் பார்ப்பவனுக்கு அது பொய்யைச் சொல்லுகிறது. படம் ஒன்றே, பார்ப்பவனுடைய அறிவில்தான் பேதம்.

வளர்ந்த நாம் கைப்பேசியில் புலியைப் பார்க்கும்போது ஏமாறுவதில்லை. வேடிக்கையென்று அறிந்தே வேடிக்கை பார்க்கிறோம். ஆகையால் நம்மைப் பொறுத்தவரை இதில் குற்றம் ஏதுமில்லை. கேள்வி குழந்தையைப் பற்றியது. குழந்தை படத்தைப் படமென்று அறிகிறதா? இங்கேதான் ஜாக்கிரதையாய் நடக்கவேண்டும்.

குழந்தையின் கண்

"என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், கைப்பேசியை என்னைவிட நன்றாகக் கையாளுகிறான்" என்று தாய்மார் சொல்லுவதுண்டு. விரல் பழகியிருக்கலாம், அறிவு பழகிற்றா என்பது வேறு விஷயம். இதைச் சிலர் பொறுமையாய்ச் சோதித்திருக்கிறார்கள்.

ஜூடி டெலோச் என்ற அமெரிக்க அம்மையார் 1987-இல் வெளியிட்ட சோதனை ஒன்றைக் கேளுங்கள். ஓர் அறை; அதைப்போலவே நாற்காலி, மெத்தைகளுடன் அமைத்த ஒரு சிறு பொம்மை அறை. குழந்தையின் கண்ணெதிரே பொம்மை அறையில் ஒரு சிறு பொம்மையை ஒளித்துவைத்து, "பெரிய அறையிலும் இதே இடத்தில்தான் பெரிய பொம்மை ஒளிந்திருக்கிறது, போய் எடுத்து வா" என்பார்கள். மூன்று வயதைச் சற்றே தாண்டிய பிள்ளைகளில் பெரும்பாலோர் நேரே சென்று எடுத்தார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோரால் முடியவில்லை. மறந்துவிட்டார்களா என்றால் இல்லை. சிறிய அறையில் எங்கே ஒளித்தது என்பது அவர்களுக்கு நன்றாய் நினைவிருந்தது. சிறிய அறை பெரிய அறையைக் குறிக்கிறது என்பதுதான் எட்டவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1997-இல், அவரும் அவருடைய துணைவர்களும் செய்த சோதனை இன்னும் வியப்பானது. இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் ஓர் இயந்திரத்தைக் காட்டி, "இது அறையைச் சிறிதாக்கும்" என்று சொன்னார்கள். பெரிய அறையில் பொம்மையை ஒளித்தார்கள். இயந்திரத்தை முடுக்கிவிட்டு வெளியே வந்து, ஓசை ஓய்ந்தபின் உள்ளே அழைத்துச் சென்று அதே இடத்தில் சிறிய அறையைக் காட்டினார்கள். இப்போது அப்பிள்ளைகள் பொம்மையைத் தேடி எடுத்துவிட்டார்கள்! ஏன்? ஒன்று மற்றொன்றைக் குறிக்கிறது என்று எண்ணவேண்டிய அவசியம் இப்போது இல்லை. பெரிய அறையே சுருங்கிச் சிறிதாகிவிட்டதென்று அவர்கள் நம்பினார்கள். அறை சுருங்குவது அச்சிறியோருக்கு நம்பத்தகாததாய்த் தோன்றவில்லை.

1990-இல் பிளேவல் என்பவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றும் இதற்கு இசைவானது. தொலைக்காட்சித் திரையில் ஒரு கிண்ணம் நிறையச் சோளப்பொரி தெரிகிறது. பெட்டியைத் தலைகீழாய்க் கவிழ்த்தால் பொரி கொட்டிவிடுமா என்று கேட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர், கொட்டிவிடும் என்றார்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள்.

ஆகவே படத்தைப் படமென்று அறிவது குழந்தை தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவரும் அறிவன்று. ஒரே பொருளை இரண்டாகப் பார்க்கப் பழகவேண்டும்: 'இது காகிதம், இது யானையையும் குறிக்கிறது' என்று. எழுத்தறிவும் இதே அறிவுதான். 'அ' என்ற கோடு ஓர் ஒலியைக் குறிக்கிறது என்பதையும், '5' என்ற கோடு ஐந்து மாங்காயையும் ஐந்து விரலையும் குறிக்கலாம் என்பதையும் அறியாமல் ஒருவனும் படிக்க முடியாது. ஆதலால் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவிலுள்ள ஆண்டுகளில் இவ்வறிவு பழுதின்றி வளருவது மிக முக்கியமானது.

புத்தகத்திலுள்ள படம் இவ்வறிவுக்கு உதவி செய்கிறது. எப்படியென்றால், அதற்கு ஓரம் உண்டு. காகிதம் கையில் தட்டுப்படுகிறது. புரட்டினால் படம் மறைகிறது. சுவரில் மாட்டிய படத்துக்குச் சட்டம் உண்டு. அந்த ஓரமும் சட்டமும், "நான் படம், பொருளல்ல" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சட்டந்தான் படத்தின் நேர்மை என்றுகூடச் சொல்லலாம். மிகை மெய்ம்மையோ சட்டத்தை நீக்கிவிடுவதையே தன் திறமையாய்க் கொண்டது. நம் வீட்டுத் தரையில், நம் வீட்டுப் பாயின்மேல், நம் தங்கச்சிப் பாப்பாவின் அருகிலேயே அது புலியை நிறுத்துகிறது. அதன் பெருமை எதுவோ, அதன் அபாயமும் அதுவே.

இனி முதற் கேள்விக்கு விடை சொல்லலாம். இல்லாததைக் காட்டுவது தன்னிலே பொய்யன்று. ஆனால் படத்தையும் பொருளையும் பிரித்தறியாத பருவத்திலுள்ள ஒரு குழந்தைக்கு, சட்டமில்லாத படத்தைக் காட்டிவிட்டு, "இது படம்" என்று அறிவிக்காமல் விடுவது நேர்மைக் குறைவு. ஏமாற்றும் எண்ணம் நமக்கு இல்லாதிருக்கலாம். ஆயினும், ஏமாறக்கூடியவன் என்று தெரிந்தும் ஒருவனைத் திருத்தாமல் விடுகிறவன் குற்றமற்றவன் அல்லன். நீக்கிய சட்டத்தைத் திரும்ப மாட்டவேண்டிய கடமை காட்டுகிறவரைச் சேர்ந்தது.

ஒற்றைச் சாட்சி

இரண்டாவது காரியத்துக்கு வருவோம். அறிவில் உள்ளது யாவும் முதலில் புலன்களின் வழியாகவே வந்தது என்பது அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் முதலிய தத்துவ சாஸ்திரிகளின் போதகம். கண் ஒன்றே புலனன்று என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கை, காது, மூக்கு, நாக்கு எல்லாம் தத்தம் சாட்சியைக் கொண்டுவருகின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்போது, 'இது மெய்யாகவே இருக்கிறது' என்ற உறுதி மனத்தில் பிறக்கிறது. ஒரே சாட்சியின் சொல்லை நம்பித் தீர்ப்பிடலாகாது என்று மோயீசன் காலத்துச் சட்டமும் கூறிற்று. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் முன்னோர் சொன்னதும் இதுவே.

வீட்டுப் பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை அதைப் பார்க்கிறது. மெத்தென்ற மயிரைத் தொடுகிறது. அதன் வயிற்றில் கை வைத்தால் சூடு தெரிகிறது. உறுமும் ஓசை கையிலேயே அதிர்கிறது. வாலைப் பிடித்து இழுத்தால் பூனை கீறிவிடும். மறுநாள் கூப்பிட்டால் வராது. இத்தனையும் பாடம். தனக்கு வேண்டும்போது வந்து, வேண்டாதபோது போகும் ஓர் உயிர் தன் எதிரே இருக்கிறது என்பதைக் குழந்தை அங்கே கற்றுக்கொள்கிறது. கைப்பேசிப் புலியோ விரல் தட்டினால் வரும், தட்டினால் போகும், இரு விரலால் விரித்தால் பெரிதாகும், ஒருபோதும் கீறாது, ஒருபோதும் பசிக்காது. அதற்குச் சூடும் இல்லை, நாற்றமும் இல்லை. கண்ணும் காதும் "ஆம்" என்கின்றன. கை "இல்லை" என்கிறது.

இங்கே ஒழுக்கத்தைச் சார்ந்த பெரிய உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. பொருள்கள் நம் இஷ்டத்துக்கு உடனே வளைந்து கொடுப்பதில்லை. மண் கட்டியாய் இருந்தால் உடைக்கவேண்டும். விதை ஊன்றினால் காத்திருக்கவேண்டும். தண்ணீர் சிந்தினால் துடைக்கவேண்டும். 'உலகம் என் விருப்பத்தினால் ஆனதன்று' என்பதைக் குழந்தைக்கு முதலில் கற்பிப்பவர்கள் இப்பொருள்களே. பொறுமையும், பிறர்மேல் மரியாதையும் இந்த அறிவிலிருந்தே முளைக்கின்றன. தட்டியவுடன் கீழ்ப்படியும் உருவங்களோடு மட்டும் வளரும் பிள்ளை, கீழ்ப்படியாத தம்பியோடும், நோயாய்க் கிடக்கும் பாட்டியோடும் எப்படிப் பழகும்?

மரியா மொந்தெசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டு ஜனவரியில் உரோமாபுரியின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைப் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். ஏறக்குறைய மூன்று வயதான ஒரு சிறுமியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். மரக்கட்டையில் வெவ்வேறு அளவுள்ள துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஏற்ற ஒரு மர உருளை. சிறுமி அவற்றை எடுப்பதும் பொருத்துவதுமாய் இருந்தாள். மற்றப் பிள்ளைகளை அருகில் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின் தானே நிறுத்தி, இளைப்பாறி எழுந்தவள்போல் மகிழ்ச்சியோடு சுற்றிலும் பார்த்தாள். அவளை யாரும் புகழவில்லை, மணி அடிக்கவில்லை, வாணவேடிக்கை காட்டவில்லை. உருளை தப்பான துளையில் நுழையாது. தப்பை மரமே அவளுக்குச் சொல்லிற்று.

இவ்வம்மையார் நம் நாட்டுக்கு அந்நியர் அல்லர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் 1946 வரை திரும்பிப் போக இயலாமல், கொடைக்கானலிலும் சில காலம் தங்கியிருந்தார். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பனை உலகத்துக்கு முன்பாக மெய்யுலகத்தைக் காட்டவேண்டுமென்பது அவருடைய உறுதியான கொள்கை.

சில ஆட்சேபங்களும் விடைகளும்

முதல் ஆட்சேபம்: "எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திமிங்கிலத்தை எங்கே பார்ப்பார்கள்? எரிமலையையும், சனிக் கிரகத்தின் வளையத்தையும், உடம்புக்குள் துடிக்கும் இருதயத்தையும் எப்படிப் பார்ப்பார்கள்? பணக்காரப் பிள்ளை நகரத்துக் காட்சிசாலைக்குப் போகும்; ஏழைப் பிள்ளைக்கு இதுவே காட்சிசாலை அல்லவா?"

இது நியாயமான வாதம், முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். 1658-ஆம் ஆண்டில் நூரெம்பர்க் நகரில் ஆமோஸ் கொமேனியுஸ் என்பவர், சுமார் நூற்றைம்பது படங்களோடு உலகத்துப் பொருள்களையெல்லாம் விளக்கும் ஒரு புத்தகத்தைச் சிறுவர்களுக்காக வெளியிட்டார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் செய்தது நன்மையே. வெறும் சொற்களை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்குப் பொருளின் உருவத்தையாவது காட்டினார். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகளை அச்சிட்டதும் இதே நோக்கத்தோடுதான். மிகத் தொலைவானதை, மிகப் பெரியதை, மிகச் சிறியதை, அபாயமானதைக் காட்ட இக்கருவி நல்ல வேலைக்காரன். ஆனால் வேலியில் சுரைக்கொடி படர்ந்திருக்கும்போது கைப்பேசியில் சுரைக்காயைக் காட்டுவது என்ன புத்தி? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எழுந்து நின்று சுழலும் சுரைக்காயும் உதவாது. கொண்டுவர முடியாத பொருளுக்குப் பதிலாகப் படத்தைக் காட்டுவது கொடை. கையெட்டும் தூரத்திலுள்ள பொருளை மறைத்துப் படத்தைக் காட்டுவது திருட்டு.

இரண்டாவது ஆட்சேபம்: "குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடுகிறார்கள், மண்ணைச் சோறு என்கிறார்கள், கிறிஸ்மஸ் குடிலில் களிமண் உருவத்தின் முன் முழங்காற்படியிடுகிறார்கள். அங்கேயும் இல்லாததுதானே இருப்பதாகக் கொள்ளப்படுகிறது?"

ஆம். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். மண்சோறு ஆக்கும் சிறுமியே அந்தக் கற்பனைக்கு எஜமானி. அவள் அதை வாயருகே கொண்டுபோய்த் தின்பதுபோல் பாவனை செய்கிறாள், விழுங்குவதில்லை. தானே உண்டாக்கிய பாவனையில் அவள் ஏமாறுவதில்லை. ஒன்று மற்றொன்றைக் குறிக்கும் என்ற அறிவு அவ்விளையாட்டிலேயே வளர்கிறது. கைப்பேசியிலோ கற்பனை முழுவதையும் வேறொருவர் செய்து முடித்துவிடுகிறார். குழந்தைக்கு மிஞ்சுவது பார்ப்பது மட்டுமே. குடிலும் அவ்வாறே. வைக்கோலைப் பரப்பியதும், நட்சத்திரத்தை ஒட்டியதும் பிள்ளைகளின் கைகளே. 1223-ஆம் ஆண்டு கிரெச்சியோ என்ற ஊரில் அர்ச். பிரான்சிஸ் அசிசியார் பெத்லெகேமின் ஏழ்மையை மக்கள் கண்ணாரக் காணவேண்டுமென்று விரும்பியபோது, மெய்யான வைக்கோலையும் மெய்யான மாட்டையும் கழுதையையும் கொண்டுவரச் செய்தார். வைக்கோல் குத்தும் என்பதையும், மாட்டின் மூச்சு வெதுவெதுப்பானது என்பதையும் அன்று வந்தவர்கள் அறிந்துகொண்டிருப்பார்கள்.

மூன்றாவது ஆட்சேபம்: "பிள்ளைகளின் கவனம் நிற்பதில்லை. இதைக் காட்டினால் அசையாமல் உட்கார்ந்து கவனிக்கிறார்கள்."

கவனத்தைக் கவருவது ஒன்று. கவனம் செலுத்துவது வேறு. முன்னதில் குழந்தை பிடிபடுகிறது. பின்னதில் குழந்தை பிடிக்கிறது. மேற்சொன்ன சிறுமி உருளைகளில் கவனம் செலுத்தினாள். பட்டாசுச் சத்தம் நம் கவனத்தைக் கவருகிறது. பட்டாசு ஓய்ந்தால் கவனமும் ஓய்ந்துபோகும். பிறகு இன்னும் பெரிய பட்டாசு வேண்டும். யானை எழுந்து நின்றவுடன் கை கொட்டிய குழந்தை யானையைக் கவனித்ததா, 'யா' என்ற எழுத்தைக் கவனித்ததா என்று ஆசிரியை சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2003-இல் பட்ரீசியா கூல் என்ற அம்மையாரும் துணைவர்களும் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். ஒன்பது மாதமான அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு தடவை விளையாடிப் பேசினார்கள். அக்குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. ஒலி அதே ஒலி. முகமும் அதே முகம். இல்லாதது என்ன? தன்னைப் பார்த்துப் பேசும் ஒரு மனித உயிர்! குழந்தையின் முதற் பாடநூல் தாயின் முகம் என்பதை ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்கிறது.

நாம் செய்யத்தக்கவை

இதுவரை சொன்னவற்றிலிருந்து சில நடைமுறை விதிகள் தாமே பிறக்கின்றன.

1. வயதைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. குறைந்தால் இன்னும் நல்லது. இம்மணி நேரத்தில் எல்லாத் திரையும் அடக்கம் என்பதை மறவாதீர்கள்.

2. முதலில் பொருள், பிறகு படம். பூனையைத் தொட்டுப் பழகிய குழந்தைக்குப் புலியைக் காட்டுங்கள்; "பூனையைவிட எவ்வளவு பெரியது!" என்று அது வியக்கும். குளத்து மீனைப் பார்த்த பிள்ளைக்குத் திமிங்கிலத்தைக் காட்டுங்கள். மெய்யான ஒன்றில் வேரூன்றிய வியப்பே அறிவாகும்.

3. சட்டத்தை மாட்டுங்கள். புலி தெரியும்போதே கைப்பேசியைத் தாழ்த்தி, "இப்போது பார், கட்டிலருகே என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். குழந்தையைக் கைப்பேசியின் பின்பக்கம் அழைத்துச் செல்லுங்கள். அந்த இடத்தில் கை வைக்கச் சொல்லுங்கள். "புலி எங்கே இருக்கிறது? காட்டில். இங்கே இருப்பது அதன் படம்" என்று எளிய வார்த்தையில் சொல்லுங்கள். இதனால் மகிழ்ச்சி குறையாது. குழந்தை இதையும் ஒரு விளையாட்டாக்கிக்கொள்ளும். பயமுறுத்துவதற்காக, "சாப்பிடாவிட்டால் புலி கடிக்கும், பார்!" என்று இதைக் காட்டுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். வாயாற் சொல்லும் பூச்சாண்டியே கெடுதி. கண்ணுக்குத் தெரியும் பூச்சாண்டி அதைவிடக் கெடுதி. அது நேராகவே பொய். முன்னே நாம் விலக்கிய ஏமாற்றும் எண்ணம் இங்கே இருக்கிறது.

4. தனியே விடாதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டு காட்டுங்கள். சமையல் முடியும் வரை பிள்ளை வாய் திறவாமல் இருக்கட்டும் என்று கொடுத்தால், அது கல்வியன்று. அதற்குக் கல்வியென்று பெயரிட்டு நம்மையே நாம் ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். களைத்துப்போன தாய் அரை மணி நேரம் ஓய்வு தேடுவது பாவமென்று நான் சொல்லவில்லை. ஓய்வை ஓய்வென்றே சொல்லுவோம்.

5. வீட்டைக் காத்துக்கொள்ளுங்கள். இக்கருவி வேலை செய்ய வேண்டுமானால் கேமரா உங்கள் அறையைப் பார்த்தாக வேண்டும். பார்த்ததை எங்கே அனுப்புகிறது, எதற்காக என்று விசாரியுங்கள். 2023-இல் நிறைவேறிய தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்கிறது. அச்சம்மதத்தைப் படிக்காமலே கொடுத்துவிடாதீர்கள்.

6. பள்ளி நடத்துவோர் செலவின் வரிசையை யோசிக்கவேண்டும். பிள்ளைகளின் பெயரையும் குணத்தையும் அறிந்த ஆசிரியை முதலில். அவருக்கு நியாயமான சம்பளம் அடுத்து. மணலும், தண்ணீரும், மரக்கட்டைகளும், புளியங்கொட்டையும், நாலு செடி வைக்க இடமும் அதற்கடுத்து. இவையெல்லாம் உள்ள பள்ளி இக்கருவியையும் வாங்கினால் ஆட்சேபமில்லை. இவை இல்லாத பள்ளி இதைக் காட்டிக் கட்டணத்தை உயர்த்துமானால், பெற்றோரும் சட்டமில்லாத ஒரு படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பேன்.

வாசகர்களே, குழந்தை நம்மை நம்புகிறது. நாம் "இது சுடும்" என்றால் நம்புகிறது; "இது யானை" என்றால் நம்புகிறது. எதிர்த்துக் கேட்கத் தெரியாத அந்த நம்பிக்கையே அதன் ஏழ்மையும் செல்வமும். அதை நாம் நேர்மையாய்க் கையாண்டோமா என்பதுதான் இவ்விஷயத்தில் கடைசியாக நிற்கும் கேள்வி. எந்தக் கருவியைக் கையாண்டோம் என்பதன்று. உள்ளதை உள்ளதென்றும், படத்தைப் படமென்றும் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, பின்னாளில் எத்தனை வித்தைகள் வந்தாலும் மயங்காது. உலகத்தில் படங்கள் பெருகிக்கொண்டே போகும் இக்காலத்தில், நாம் அதற்குச் சேர்த்துவைக்கக்கூடிய சீதனம் இதைவிடப் பெரிதாய் வேறில்லை.

இன்று மாலை உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியிலே எறும்போ மண்புழுவோ இருக்கும். அதன் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளை எவ்வளவு நேரம் குனிந்து பார்க்கிறதோ, அவ்வளவு நேரமும் அவசரப்படுத்தாமல் அருகிலேயே நில்லுங்கள்.